இன்று மனதில் என்ன எழுந்தது?

மணி அடித்ததும் எல்லோரும் கண்களை மூடிக்கொண்டோம். நான் மட்டும் இடது கண்ணில் ஒரு கீற்றைத் திறந்து வைத்திருந்தேன். ஓசியில் கிடைக்கும் எதையும் நான் நம்புவதில்லை. அதுவும் எங்கள் காப்பீட்டு நிறுவனம், போன வருஷம் காகிதக் கோப்பையைக்கூட நிறுத்திவிட்டு வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவரச் சொன்ன நிறுவனம், தினமும் காலையில் இருபது நிமிடம் சம்பளத்தோடு மூச்சைக் கவனியுங்கள் என்றால் எப்படி நம்புவது? பாங்காக்கில் இதற்கு ஆள் பஞ்சமா? எங்கள் பிரிவின் ஆண்களில் பாதிப் பேர் மொட்டையடித்துக் காவி கட்டி ஒரு மழைக்காலம் முழுக்க மடத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள். அவர்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வந்து மூக்கு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், உட்கார்ந்தால் நன்றாகத்தான் இருந்தது. நாள் முழுக்கத் தொலைபேசியில் திட்டு வாங்குகிற பிரிவு எங்களுடையது. ஒன்பதாம் மாடிக் கூடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்தால், தோள்பட்டை இறுக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். என் சந்தேகமெல்லாம் மஞ்சள் சீட்டின் மேல்தான். தியானம் முடிந்ததும் ஆளுக்கொரு சீட்டு. ‘இன்று மனதில் என்ன எழுந்தது?’ என்று அச்சடித்திருக்கும். கீழே மேசை எண் போட வேண்டும். பெயர் கேட்கவில்லை, அதனால் ரகசியமாம். மேசை எண் தெரிந்தால் பெயர் தெரியாதா? நான் தினமும் ‘அமைதி’ என்று எழுதிப் பெட்டியில் போட்டேன். எப்போதாவது ‘மிகுந்த அமைதி’.

பக்கத்து மேசை பென்சி அக்கா சீட்டின் பின்பக்கமும் எழுதுவாள். புத்தாண்டு விடுமுறையில் ஊரே தண்ணீரை வாரியிறைத்துக் கொண்டாடும்போது, அவள் பத்து நாள் மடத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். அங்கே தினமும் சாயங்காலம் பிக்கு சாமியின் முன்னால் அமர்ந்து, மனதில் எழுந்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இருபது வருஷப் பழக்கம். சீட்டைப் பார்த்ததும் அவளுக்கு அந்தச் சாமியின் முகம்தான் தெரிந்திருக்கும். பதினோராம் மாடியில் அதைப் பிரித்துப் படிக்கிற பணியாளர் பிரிவு கானிக்கா மேடத்தின் முகம் தெரியவில்லை.

“என்னக்கா, பரீட்சை மாதிரி எழுதித் தள்றீங்க?”

“எழுந்தத எழுதுறேன் பைலின். கோபம் வந்துச்சு. கோபம், கோபம், கோபம்னு மூணு தடவ மனசுக்குள்ள குறிச்சேன். போயிடுச்சு.”

“யார் மேல கோபம்?”

“மேனேஜர் மேல.”

“அய்யோ, அதையும் எழுதினீங்களா?”

“போயிடுச்சுன்னும் எழுதியிருக்கேன்ல?”

சிரித்துவிட்டேன். “உங்களுக்குச் சாமியும் சம்பளம் போடுறவனும் ஒண்ணாக்கா? ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்.” அவள் புருஷன் படுக்கையில் கிடக்கிறான். அவள் வேலையில்தான் அந்த வீடு நடக்கிறது.

போன வியாழக்கிழமை எழுதிய சீட்டை அவளே என்னிடம் காட்டினாள். தெற்கே கடலோர ஊரான சும்போனில் கடலுக்குப் போய்த் திரும்பாத படகுக்காரன் ஒருவனின் மனைவிக்கு, காப்பீட்டுப் பணம் கிடையாது என்று நாங்கள் மறுப்புக் கடிதம் அனுப்பியிருந்தோம். தட்டச்சு செய்தது அக்கா, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். ‘கடிதத்தில் நாம் சொன்ன காரணம் பொய். ஐந்து நாளாக மூச்சுக்கு நடுவில் அந்தப் பெண் வந்து நிற்கிறாள். வெட்கம், வெட்கம், வெட்கம்.’

சீட்டை அவள் கையிலேயே திருப்பித் திணித்தேன். “கிழிச்சுப் போடுங்கக்கா.”

“கிழிச்சா நாளைக்கு அதுவும் எழும்” என்று சொல்லிச் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டாள்.

மறுநாளே கானிக்கா மேடம் என்னைக் கூப்பிட்டார். அழகான பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. அப்போதே விஷயம் மோசம் என்று புரிந்துவிட்டது.

“பைலின், கடிதத்தச் சரிபார்த்தது நீங்கதானே? இவங்க எழுதியிருக்கிறது நிஜமா? இல்ல, இவங்களுக்கு மனசு ஏதும் சரியில்லையா?”

நிஜம் என்றால் என் கையெழுத்து. இல்லை என்றால் அக்காவுக்குப் பைத்தியப் பட்டம். மூன்று வாரமாகக் கவனி, கவனி என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் தேநீரைப் பார்த்துக்கொண்டே, “நான் ஒண்ணும் கவனிக்கல மேடம்” என்றேன்.

“சரி. அப்ப அவங்களுக்கு ஓய்வு தேவைன்னு எடுத்துக்குறேன்.”

ஓய்வு என்றால் வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்புவது என்று எனக்குத் தெரியும். தேநீரைக் குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இப்படிப்பட்டவள் நான்.

இன்று திங்கட்கிழமை. வழக்கம்போல் மணி அடித்தது. மூச்சு வருகிறது, மூச்சு போகிறது என்று சிங்கப்பூர்க்காரர் சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்பக்கக் கதவு திறந்து பணியாளர் பிரிவுப் பெண் ஒருத்தி வந்து அக்காவின் தோளைத் தொட்டாள். அக்கா எழுந்தாள். செருப்பு வெளிவாசலில் இருக்க, வெறுங்காலோடு அந்தக் கதவு வழியாக மேலே போனாள். என் இடது கண் எல்லாவற்றையும் பார்த்தது. மெல்லத் தலையைத் திருப்பினேன். இருபது பேரும் ஒரு கீற்றுத் திறந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரமாக இந்தக் கூடத்தில் கண்ணை மூடியது ஒரே ஒருத்திதான்.

மணி அடித்தது. சீட்டு வந்தது. ‘சும்போன் கடிதத்தில் இருப்பது பொய். எனக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்’ என்று எழுதினேன். மேசை எண்ணுக்குப் பதிலாக முழுப் பெயரையும் எழுதினேன். பெட்டியில் போடவில்லை.

வாசலில் எல்லோரும் அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு அவசரமாக நகர்ந்தார்கள். அக்காவின் பழுப்புச் செருப்பு சுவரோரமாக, ஒழுங்காக, தனியாக இருந்தது. குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது. இன்னொருவர் காலில் போட்டதை நான் என் வாழ்நாளில் கையால் தொட்டதில்லை. குனிந்து எடுத்துக்கொண்டேன்.

மின்தூக்கிக்குக் கூட்டம் நின்றது. நான் படியில் ஏறினேன். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் சீட்டு. பத்தாம் மாடித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. பயம், பயம், பயம் என்று மூன்று தடவை குறித்துப் பார்த்தேன்.

பயம் போகவில்லை. செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தேன்.