நடுவிலிருந்து ஆரம்பிப்பவர்கள்

போன வருடம்வரை அவர்கள் இருவருக்கும் தனித்தனிப் பெயர் இருப்பதே பள்ளிக்கூடத்தில் பலருக்கு நினைவில்லை. நெட்டையும் குட்டையும், அவ்வளவுதான். ஒருத்தியைத் திட்டினால் இன்னொருத்திக்கு மூக்கு சிவக்கும். பிறகு நெட்டை வாலிபால் அணியில் சேர்ந்தாள். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தாலாவது சமாதானம் என்று ஒன்று இருந்திருக்கும். நெட்டை மதியச் சாப்பாட்டுக்கு வேறு மேசைக்குப் போய்விட்டாள். குட்டை பழைய மேசையிலேயே தனியாகச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் குட்டைக்குப் போக்கிடம் அம்மாவின் சலவைக் கடைதான். முன்னால் அம்மா இஸ்திரி போடுவாள். பின்னால், நம்பர் சீட்டு குத்திய துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, குட்டை அம்மாவின் போனில் படத்துண்டு விளையாட்டு ஆடுவாள். எங்கோ இருக்கிற யாரோ ஒருவரோடு சேர்ந்து, கலைந்து கிடக்கும் துண்டுகளைப் பொருத்திப் படத்தை முழுசாக்க வேண்டும். நிஜப் பெயர் சொல்லக் கூடாது; விளையாட்டே ஒரு பெயர் வைக்கும். நாலடிகூட இல்லாதவளுக்கு அது வைத்த பெயர் ஒட்டகம். போனுக்குக்கூட அவளைக் கண்டால் இளக்காரம்.

ஒரு நாள் ஜோடியாக முதலை வந்து சேர்ந்தது. உலகத்தில் எல்லாரும் ஓரத் துண்டுகளில்தான் ஆரம்பிப்பார்கள். முதலை நடுவில் ஆரம்பித்தது. குட்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்குத் தெரிந்து இப்படி ஆரம்பிக்கிறவர்கள் இரண்டே பேர்: அவளும் நெட்டையும். நெட்டை வீட்டிலிருந்த படத்துண்டுப் பெட்டியில் ஓரத் துண்டு ஒன்றுகூடக் கிடையாது. அவள் தம்பி அத்தனையையும் ஜன்னல் வழியாக வீசிவிட்டிருந்தான். மிச்சத்தை வைத்து நடுவிலிருந்தே ஆடிப் பழகியவர்கள் அவர்கள்.

நீ நெட்டைதானே என்று குட்டை கேட்கவில்லை. கேட்டால் ஓடிவிடுவாளோ என்று பயம். தினமும் படமும் பேச்சுமாகப் போயிற்று.

"ஸ்கூல்ல என்னைச் சுத்தி ஒரு கூட்டமே இருக்கு. ஆனா மனசு விட்டுப் பேச ஆளில்ல," என்று ஒரு நாள் முதலை எழுதியது. "உன்கிட்டதான் பேசறேன்."

குட்டை அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"என்னடி இளிப்பு? கடையே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் உனக்குத் தெரியாது போல," என்றாள் அம்மா.

மறுநாள் வகுப்பில், சுற்றுலா பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்காரப்போகிறீர்கள் என்று ஜோடி ஜோடியாக வந்து சொல்லச் சொன்னார் டீச்சர். போன முறை ஜோடி கிடைக்காமல் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து போனவள் குட்டை. இந்தத் தடவை நம்பிக்கையோடு நேராக நெட்டையின் மேசைக்குப் போனாள். வாலிபால் பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பஸ்ல நாம சேர்ந்து உக்காரலாமா?" என்றாள். "பழையபடி, நடுவுலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

நெட்டை அவளைப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த பெண்ணைப் பார்த்தாள். "என்னடி உளர்றா இவ? எனக்கு ஒண்ணும் புரியல," என்றாள். மேசை முழுக்கச் சிரித்தது.

பாவம், நான்தான் ஒட்டகம் என்று அவளுக்குத் தெரியாதே என்று சாயங்காலம்வரை குட்டை தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கடைக்கு வந்ததும் போனை எடுத்து எழுதினாள்: "நான்தான் குட்டை."

பதில் உடனே வந்தது. "தெரியும். மொத நாளே தெரியும். நீயும் நடுவுலதானே வெச்சே?"

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"அவங்க முன்னாடி முடியாதுடி. உன்னோட சேர்ந்தா என்னையும் ஓட்டுவாங்க. இங்க யாரும் பாக்க மாட்டாங்க இல்ல? இங்க மட்டும் இருப்போமே."

தெரியாமல் செய்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். புதுப் படம் வந்தது. அவள் வேண்டுமென்றே ஒரு மூலைத் துண்டை விரலால் இழுத்தாள். அதை மூலையில் வைத்துவிட்டால் போதும், எல்லாம் முடிந்தது என்று நெட்டைக்குப் புரிந்துவிடும். அதற்குள் படத்தின் நடுவில் நெட்டையின் துண்டு ஒன்று வந்து உட்கார்ந்தது.

"பஸ்ல யாரோட உக்காரப் போறே?" அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"டீச்சரோட."

குட்டை மூலைத் துண்டைக் கீழே விட்டாள். நடுத் துண்டுக்குப் பக்கத்தில் எது பொருந்தும் என்று தேட ஆரம்பித்தாள்.