முன் இருக்கை

கடைசி ஸ்க்ரூ கழன்றதும் இருக்கை பக்கவாட்டில் சரிந்தது. ஆர்டிஸ் அதை இரண்டு கைகளாலும் தூக்கிப் படகின் விளிம்பைத் தாண்டிக் கொண்டுவந்து கராஜ் தரையில் வைத்தாள். கல்யாணமான வருஷத்திலிருந்து படகு இரண்டு முறை மாறியிருக்கிறது. அவள் உட்காரும் இடம் மட்டும் மாறவில்லை. எப்போதும் படகின் மூக்கில், காற்றுக்கு நேர் எதிரே.

“இத எங்க வைக்கிறது?”

“குப்பையில,” என்றான் வெர்லின்.

சமையலறையிலிருந்து கராஜுக்கு இறங்கும் வாசலில் அவனுடைய கட்டில் நின்றது. இனி வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்று வீட்டுக்கு அனுப்பியவர்கள் கொடுத்த சக்கரக் கட்டில். ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று கூடத்து ஜன்னலோரம் போட்டுவிட்டுப் போனார்கள். அவனுக்கு ஏரி போதாது, படகு வேண்டுமாம். காலையில் வந்த நர்ஸ் முணுமுணுத்தபடி கட்டிலை இங்கே தள்ளிவந்து, தலைப்பக்கத்தை உயர்த்திவைத்துவிட்டு, ஆர்டிஸை ஓரமாகக் கூப்பிட்டாள். “இன்னிக்கோ நாளைக்கோ. யாருக்காவது சொல்லணும்னா சொல்லிடுங்க” என்றாள்.

யாருக்குச் சொல்வது? சொல்ல வேண்டியதெல்லாம் வெர்லினிடம்தான் இருந்தது. அதுதான் வாய்க்கு வரவில்லை.

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை மீன்பிடிப் பருவம் திறக்கிறது. மினசோட்டாவில் எங்கள் ஏரிப் பக்கம் கிறிஸ்துமஸைக்கூட மறந்துபோகிறவன் உண்டு, அந்த நாளை மறக்கிறவன் கிடையாது.

“பெட்டியப் பிரி,” என்றான் வெர்லின். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சுக்காக நின்றான். “தண்ட மெதுவா எடு. பாத்து, கீழ போட்டுறாத.”

“சும்மா இரு. ஒனக்கு முன்னாடியே இந்த வீட்டுல ஸ்பேனர் புடிச்சவ நான்.”

“அதான் வீடு இப்பிடி இருக்கு.”

அவள் சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்துவிட்டது.

பெட்டிக்குள் இருந்தது படகின் மூக்கில் மாட்டும் மின்சார மோட்டார். ஏரியைக் கடக்கப் பின்னால் பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது. மீன் நிற்கும் இடத்துக்குப் போனபின் சத்தமில்லாமல் நகர்வதற்கு இது. ஒரு பொத்தானை அழுத்தினால் காற்று எவ்வளவு அடித்தாலும் படகை அதே இடத்தில் நிறுத்திவைக்கும். நங்கூரமே வேண்டாம். வெர்லின் பனிக்காலத் தொடக்கம் முழுக்கச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து இதைத் தேர்ந்தெடுத்தான். ஒரு பேட்டரியா இரண்டா, தண்ணீருக்குள் இறங்கும் தண்டு எத்தனை நீளம் என்று கடைக்காரனை ஃபோனில் பாடாய்ப் படுத்தினான். காலால் மிதித்து ஓட்டும் வகை வேண்டாம் என்றான். கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிற ரிமோட்தான் வேண்டும் என்றான். பெட்டி வந்த அதே வாரத்தில் டாக்டரும் அவனுடைய எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். பெட்டி கராஜிலேயே கிடந்தது. திருப்பி அனுப்பிவிடுவான் என்று ஆர்டிஸ் நினைத்தாள். இந்த வாரம்தான் திடீரென்று, மாட்டு என்கிறான். அவன் போனபிறகு அவள் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போவதற்குத்தான் இதெல்லாம் என்று அவளுக்குப் பட்டது. அவளுடைய முழங்காலால் மிதிக்க முடியாது. அதற்குத்தான் ரிமோட். அவளுடைய தோளால் நங்கூரம் இழுக்க முடியாது. அதற்குத்தான் பொத்தான்.

ஆர்டிஸுக்கு மீன் பிடிப்பது பிடிக்காது.

முதல் வசந்தத்தில், புதுப் பெண்டாட்டியாக இருந்தபோது, “நங்கூரத்தப் பாத்துக்க முன்னாடி ஒரு ஆள் இருந்தா நல்லாருக்கும்” என்று அவன் பொதுவாகத்தான் சொன்னான். “நான் வர்றேனே” என்றாள். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாள். ஈரக் கயிறு உள்ளங்கையை அறுக்கும். தூண்டில் மீன்களின் நாற்றம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்வரைக்கும் கூடவே வரும். ஒதுங்க இடம் கிடையாது, அவசரத்துக்கு ஒரு காப்பி டப்பாதான். ஒரே ஒரு வருஷம் துணிந்து, “நான் வரலேன்னா ஒனக்குக் கஷ்டமா இருக்குமா?” என்று கேட்டாள். “பரவால்ல, சமாளிச்சுக்கலாம்” என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னான். எங்கள் ஊரில் ஒருவன் அவ்வளவு மரியாதையாகப் பேசினால் மனசு உடைந்துவிட்டது என்று அர்த்தம். அவள் போய்க் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அரிசோனாவில் அவள் தங்கை லவோன் ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஏரியே இல்லாத ஊர். வந்துவிடுகிறேன் என்று ஆர்டிஸ் வாக்குக் கொடுத்தும் ஒரு மாதம் ஆகிறது. சாகப்போகிறவனை ஏமாற்றிக்கொண்டு அவனுடைய மோட்டாரை மாட்டுவது அவளுக்குத் துரோகமாகப் பட்டது.

“வெர்லின், ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“மொதல்ல அந்தக் கடைசி போல்ட்ட முடி.”

மோட்டாரின் அடித்தட்டுக்கு நான்கு போல்ட்டுகள். மூன்று எளிதில் போய்விட்டன. நான்காவதன் நட்டு மேல்தட்டுக்கு அடியில், மூக்கின் கடைசி இடுக்கில் உட்கார்ந்தது. பக்கத்திலிருந்த சின்னத் திறப்புக்குள் வலது கையை முழங்கைவரை நுழைத்து, கண்ணால் பார்க்க முடியாத நட்டை ஸ்பேனரால் கவ்விக்கொண்டு, இடது கையால் மேலேயிருந்து முடுக்க வேண்டும். கன்னம் அலுமினியத்தில் பதிந்திருந்தது. தலையைத் திருப்பினால் ஸ்பேனர் நழுவும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வரிசை ரிவெட்டும் பழைய மீன் செதில் ஒன்றும்தான்.

“புடிச்சிட்டியா?” பின்னாலிருந்து அவன் குரல்.

“புடிச்சிட்டேன்.”

“விட்டுடாத.”

“விடல.”

கால் சுற்று. இன்னொரு கால் சுற்று. திறப்பின் விளிம்பு மணிக்கட்டில் அறுத்தது. அவனுடைய மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது, உள்ளே போவது ஒரு சத்தம், வெளியே வருவது ஒரு சத்தம். அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பார்த்துக்கொண்டு ஜென்மத்துக்கும் சொல்ல முடியாது.

“எனக்கு இது பிடிக்காது, வெர்லின்,” என்றாள் படகுக்குள். “மீனு, படகு, எதுவுமே. எப்பவுமே பிடிச்சதில்ல. ஒனக்காகத்தான் வந்தேன். நீ போனப்புறம் நான் லவோன்கிட்ட போறேன். இத மாட்டுறேன், ஆனா நான் ஓட்ட மாட்டேன்.”

அவளுடைய குரல் மட்டும் அலுமினியத்தில் மோதித் திரும்பி வந்தது.

“கோவமா?”

கையை எடுக்கப் பார்த்தாள். ஸ்பேனரைப் பிடித்த முஷ்டி திறப்புக்குள் மாட்டிக்கொண்டது. ஸ்பேனரை விட்டால் கை வந்துவிடும், ஆனால் நட்டு கழன்று விழுந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விட்டுடாத என்றிருக்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு நட்டு இறுகும்வரை முடுக்கினாள். அதன்பிறகே விரல்களைத் தளர்த்தி, தோல் உரிய, கையை வெளியே இழுத்தாள்.

வெர்லினின் கண்கள் பாதி திறந்து படகைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூச்சின் இரண்டு சத்தமும் இல்லை.

ஆர்டிஸ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள். அழுதாள். அழுகைக்கு நடுவே ஒரே எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே போய்விட்டான். கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா நான்?

சாயங்காலம் வெர்லினின் தம்பி டெல்மர் வந்தான். பாஸ்டரும் வந்து, சனிக்கிழமை காலையில் இறுதி ஆராதனையை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவர் ஊருக்குப் புதிது.

டெல்மர் மூக்கைச் சிந்திக்கொண்டே நிமிர்ந்தான். “சனிக்கிழமையா? பருவம் தொறக்குற அன்னிக்கா? ஒருத்தன் வரமாட்டான், பாஸ்டர். எங்க அண்ணனே வரமாட்டான்.”

அதற்குள் தகனத்தை முடித்துவிடுவது, ஆராதனை செவ்வாய்க்கிழமை என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே ஏரி முழுக்கப் படகு விளக்குகள். ஆர்டிஸ் சமையலறையில் நின்றாள். கட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், வாசல் திறந்தே கிடந்தது, அந்தப் பக்கம் படகு. மோட்டார் மூக்கில் மடங்கிப் படுத்திருந்தது. பகலில் பெண்கள், துக்க வீட்டுக்குக் கொண்டுபோகிற ஹாட்டிஷ் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வந்தார்கள். எல்லாப் பாத்திரத்திலும் அதே மாட்டிறைச்சி, அதே காளான் சூப், மேலே அதே உருளைக்கிழங்கு. கரைக்குத் திரும்பிய ஆண்கள் கராஜில் எட்டிப்பார்த்து, மோட்டாரைத் தடவி, “ஒனக்காகவே பாத்துப் பாத்து வாங்கியிருக்கான். அடுத்த வாரம் தண்ணில பாப்போம், என்ன ஆர்டிஸ்?” என்றார்கள். ஒருவன் தட்டிக்கொடுத்தான். இன்னொருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவர்களிடம் என்ன சொல்வது? “ம், பாப்போம்” என்றாள்.

அன்று லவோன் ஃபோன் செய்தாள். “டிக்கெட் போடட்டுமா?”

“வேண்டாம், லவோன்.”

“இந்த மாசம் வேண்டாமா?”

“வேண்டாம்,” என்றாள் ஆர்டிஸ். அவனைக் கடைசி மூச்சில் நோகடித்தாயிற்று. இனி வருஷா வருஷம் அந்தப் படகில் போவதுதான் தனக்கு விதித்தது என்று முடிவு செய்துவிட்டாள். வேறெப்படி ஈடுகட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஃபோனை வைத்துவிட்டுக் குப்பைத்தொட்டி பக்கத்திலிருந்து அந்த இருக்கையை எடுத்துத் துடைத்து மறுபடி கராஜுக்குள் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை சர்ச் அடித்தளத்தில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் தண்ணீர்க் காப்பியும் முடிந்தபின், டெல்மர் படகை ஏரியில் இறக்கினான். வெர்லின் எப்போதும் மீன் பிடித்த நீருக்கடிப் பாறைத் திட்டின்மேல் அவன் சாம்பலைப் போட வேண்டும். சாம்பல் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆர்டிஸ் ஏரிக்குள் நீளும் மர மேடையில் நடந்து வந்தாள். கால் தானாகப் படகின் மூக்குப் பக்கம் போயிற்று.

“அங்க வேண்டாம் அண்ணி,” என்றான் டெல்மர், பின்னால் எஞ்சின் பக்கத்திலிருந்து. “நீங்க முன்னாடி உக்காந்தா மூக்கு தாழ்ந்துடும். தண்டு நீளம் ஜாஸ்தி, பாறையில இடிக்கும்.”

“நீளமா? தப்பாவா வாங்கிட்டான்?”

“அவனா? தப்பாவா?” டெல்மர் சிரித்தான். “இதே மேடையிலதான் அளந்தோம், அக்டோபர்ல. நீங்க பேக்கரிக்குப் போயிருந்தீங்க. அவன் இங்க பின்னாடி உக்காந்துக்கிட்டான், நான் நீங்க நிக்கிற எடத்துல நின்னு டேப் புடிச்சேன். ஆளு முன்னாடி இல்லன்னா மூக்கு மேல நிக்கும், தண்டு நீளமா வேணும். அண்ணி வரட்டும், அவங்கள உக்கார வெச்சு அளக்கலாம்னேன். ‘வேண்டாம், காலியாவே அள. அவ இனிமே வரமாட்டா’ன்னான்.”

ஆர்டிஸ் தூக்கிய காலைக் கீழே வைத்தாள். “அக்டோபர்லயா? அப்ப அவன் நல்லாத்தான இருந்தான். நான் வரமாட்டேன்னு எப்பச் சொன்னேன்?”

“நானும் அதத்தான் கேட்டேன். ‘அவளுக்கு ஆரம்பத்துலருந்தே பிடிக்காதுடா. வராதன்னு நான் சொன்னா, தன்ன வேண்டாம்னுட்டான்னு நெனச்சு நொந்துடுவா. மோட்டார் வந்துட்டா முன்னாடி எடமில்லன்னு சொல்லிக்கலாம்’ன்னான்.” டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “போன வாரம்கூடக் கேட்டேன், இந்த நெலமையில எதுக்கு அண்ணியப் போட்டு உசுர வாங்குறன்னு. ‘அந்த சீட்ட அவ கையாலயே கழட்டட்டும்’ன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. ஒங்களுக்குப் புரியுதா?”

ஆர்டிஸ் டப்பாவின் மூடியை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

“நடுவுல உக்காருங்க அண்ணி. வாங்க, காத்து ஏறுது.”

“நான் வரல,” என்றாள்.

சொல்லிவிட்டாள். தண்ணீர் மேடைக் கால்களில் தட்டிக்கொண்டிருந்தது. டெல்மர் இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் குனிந்து டப்பாவைக் கொடுத்தாள்.

படகு போயிற்று. வெறும் மூக்கு தண்ணீருக்கு மேலே உயர்ந்து நின்றது. திட்டுக்குப் போனதும் எஞ்சின் சத்தம் அடங்கியது. டெல்மர் முன்னால் போய் மோட்டாரை இறக்கிவிட்டு, பின்னால் வந்து உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய ரிமோட்டை அழுத்தினான்.

வடமேற்கிலிருந்து காற்று பலமாக அடித்தது. பக்கத்துத் திட்டில் இரண்டு படகுகள் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு ஆடின. வெர்லினின் படகு மூக்கைக் காற்றுக்குத் திருப்பிக்கொண்டு நின்ற இடத்தில் நின்றது.

ஆர்டிஸ் தன் வலது கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் காயம் காய்ந்து கறுத்திருந்தது, விரல்கள் கயிற்றைப் பிடித்ததுபோல மடங்கியிருந்தன. ஒவ்வொன்றாக அவற்றைப் பிரித்தாள்.