இரண்டாம் எதிர்மனுதாரர்

வக்கீல் ஆபீஸ் மாடியில் இருந்தது. நியாயம் கேட்க வந்த இடத்திலும் படிக்கட்டா என்று அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. செல்போன் ரிப்பேர் கடை நடத்துகிறவள். கை ஓடும் வேகத்துக்குக் கால் பிறந்ததிலிருந்தே ஒத்துழைத்ததில்லை. வக்கீல் தானே கீழே இறங்கி வந்து, ஜெராக்ஸ் கடை ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். சக்கர நாற்காலியின் பின்னால் தம்பி நின்றான்.

"ஓட்டுச்சாவடிய கீழ வைக்கச் சொல்லி முன்னாடியே மனு கொடுத்தேன் சார். மாடியிலதான் வச்சாங்க. தூக்கிட்டுப் போறேன்னு இவன் சொன்னான். மூட்டையா நான்? ஓட்டுப்பதிவு முடியும் வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தேன்."

"தேர்தல் அதிகாரிகிட்ட புகார் கொடுக்கலாம். மாற்றுத்திறனாளி ஆணையத்துக்கும் போகலாம். ஆனா அடுத்த தேர்தலுக்குள்ள சாவடி கீழ வரணும்னா, கோர்ட்தான் சரி. ஓட்டுப் போடவே முடியலைங்கறதுதான் நம்ம பலம்."

தம்பி தொண்டையைச் செருமினான்.

"சார், அக்கா ஓட்டை நான் போட்டுட்டேன். என் ஓட்டுக்கு மேல போனப்ப, அவங்க கார்டும் என்கிட்ட இருந்துச்சு. துணைக்கு வந்தவர் போடலாம், அவங்க சொல்லித்தான் போடறேன்னு கையெழுத்து மட்டும் போடுங்கன்னு சாவடியில இருந்த அதிகாரிங்க சொன்னாங்க. வீணாப் போகுதேன்னு..."

வக்கீல் பேனாவை மூடினார். "இதை மறுக்காம விட்டா, ஓட்டுதான் பதிவாயிடுச்சே, என்ன குறைன்னு கேட்பாங்க. கேஸ் நிக்காது. மறுத்தா, இவர் பொய்க் கையெழுத்துப் போட்டதா ஆகும். தேர்தல் அதிகாரிக்கு அடுத்து, இரண்டாம் எதிர்மனுதாரரா இவரையும் சேர்க்கணும். தண்டனைகூட வரலாம்."

பள்ளிக்கூடத்துக்கு அவளை முதுகில் சுமந்தவன் இவன். இன்றைக்கும் கடையில் கொண்டு விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறான். பெற்ற அம்மாகூட இவ்வளவு செய்ததில்லை. கேஸ் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அக்காவுக்குத் தோன்றியது. அவன்மேல் வழக்குப் போட மனசு கேட்கவில்லை.

"யாருக்குடா போட்ட?"

"ரெண்டையும் ஒரே ஆளுக்குத்தான். நான் எப்பவும் போடறவருக்கு." அவன் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டான்: "ஏங்க்கா, உனக்கு வேற யாரையாச்சும் பிடிக்குமா?"

அக்கா வக்கீல் பக்கம் திரும்பினாள்.

"எழுதுங்க சார். இவனையும் சேர்த்தே எழுதுங்க."

அவன் கை நாற்காலிப் பிடியிலிருந்து நழுவியது. வக்கீல் எழுதி முடித்து நீட்டினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே அக்கா சொன்னாள்: "தள்ளுடா. கடை திறக்கணும்."