214-ஆம் நம்பர் கோட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் கணவர் சொல்வார். ஆனால் அந்தக் கோட்டை நான் கோபத்தில் எடுக்கவில்லை. நன்றாக யோசித்து, நிதானமாக, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் எடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். மூன்று மாதம் ஆகியும் யாரும் வாங்க வராத துணிகளைக் கடைசி வரிசையில் மாட்டிவிடுவோம். அதற்கு நான் வைத்த பெயர் அநாதை வரிசை. 214 என்று டோக்கன் குத்திய சாம்பல் நிறக் கோட்டு அங்கே வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நல்ல துணி, தோளில் ஒரு சுருக்கம் கிடையாது. இப்படிப்பட்ட கோட்டை விட்டுவிட்டு எவனோ நிம்மதியாக இருக்கிறானே என்று பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடி எட்டு மாதம். லிஃப்டோ ஏசியோ தண்ணீர் மோட்டாரோ, சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். சொல்லி என்ன பிரயோஜனம்? போன மாதம் ஒரு பெரிய ஆபீஸில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் நின்ற செக்யூரிட்டி இவருடைய சட்டையையும் செருப்பையும் பார்த்துவிட்டு, "ரிப்பேர் ஆளுங்க எல்லாம் பின்வாசல்" என்று அனுப்பிவிட்டான். குப்பை லாரிக்குப் பின்னால் நின்று, வழி கேட்டு, படியேறிப் போவதற்குள் அங்கே ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள்.

"அவன் மேல என்ன தப்பு? என்னைப் பாத்தா அப்படித்தான் தெரியுது" என்றார் வீட்டுக்கு வந்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால்தான், எங்கள் கடைக்கு எதிரே இருக்கும் ஹோட்டலில் பராமரிப்பு சூப்பர்வைசராக ஒரே ஒரு ஆள் எடுக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் 214-ஐ வீட்டுக்குக் கொண்டுபோனேன். கை ஒன்றரை அங்குலம் நீளமாக இருந்தது. உள்பக்கம் மடித்து, வெளியே ஒரு நூல் தெரியாமல் தைத்தேன்.

"யாரோடதும்மா இது?"

"உங்களோடது. வாயை மூடிட்டுக் கையை விடுங்க."

கண்ணாடி முன்னால் போய் நின்றார். எட்டு மாதமாகக் குனிந்தே நடந்த மனுஷன் நிமிர்ந்தார். முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். "ஏய், நான் நல்லாத்தான்டி இருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதலாளியம்மா வெளியே போயிருந்தார். ஒரு சட்டை தேய்ப்பதற்குள் நாலு தடவை ஜன்னலை எட்டிப் பார்த்தேன். பத்து மணிக்கு இவர் ஹோட்டல் வாசலுக்கு வந்தார். செக்யூரிட்டி சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டான். உள்ளே போகுமுன் இவர் திரும்பி எங்கள் கடையைப் பார்த்தார். போங்க, போங்க என்று நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கையை ஆட்டினேன்.

பத்து ஐந்துக்கு ஒருவர் கடைக்குள் ஓடிவந்தார். ஐம்பது வயது இருக்கும். முகமெல்லாம் வியர்வை, பயணத்தில் கசங்கிய சட்டை. ஒரு பழைய பில்லை நீட்டினார். 214.

பில்லை வாங்கி நம்பரை இரண்டு தடவை படித்தேன்.

"மன்னிச்சுக்கங்கம்மா. பையனுக்கு ஆபரேஷன், நாலு மாசமா வெளியூர்லயே இருந்துட்டேன். இப்பதான் பஸ்ஸை விட்டு இறங்குறேன். அந்தக் கோட்டு உடனே வேணும். எதிர் ஹோட்டல்ல பத்தரைக்கு இன்டர்வியூ, சூப்பர்வைசர் வேலை."

ஒரே ஒரு ஆள்தான் எடுக்கிறார்கள் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது. தேடுகிற மாதிரி பின்பக்கம் போய், காலியான ஹேங்கரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து, "காணலைங்க. எங்கயோ மாறிப் போயிருக்கு. நாளைக்கு வந்து பாருங்க" என்றேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, இந்தச் சட்டையையாவது ஒரு தடவை தேய்ச்சுத் தரீங்களா? ரெண்டே நிமிஷம். கழட்டிக் குடுத்துட்டு நான் உள்ள நிக்கிறேன்."

"பெட்டி இன்னும் சூடாகலைங்க."

என் முதுகுக்குப் பின்னால் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சரிம்மா" என்று போய்விட்டார்.

ஜன்னல் பக்கம் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். ஹோட்டல் வாசலில் செக்யூரிட்டி அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு கையைப் பக்கவாட்டில் நீட்டினான். அந்தக் கை எங்கே காட்டுகிறது என்று எனக்கா தெரியாது? ஓடிப்போய், ஐயா, அவரும் இன்டர்வியூவுக்குத்தான் வந்திருக்கார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தெருவைத் தாண்ட இருபது அடி. நான் நகரவில்லை. அன்றைக்கு ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைக் கருக்கினேன்.

மத்தியானம் இவர் நேராகக் கடைக்கே வந்துவிட்டார். முகத்தைப் பார்த்ததும் புரிந்துபோயிற்று.

"கிடைச்சிருச்சு. திங்கக்கிழமை சேரணும். மூணே மூணு கேள்விதான் கேட்டாங்க. பெரிய அதிகாரி என்ன சொன்னார் தெரியுமா? 'பாத்தாலே பொறுப்பான ஆளுன்னு தெரியுது'ன்னார்."

சந்தோஷம் தாங்காமல் கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நடந்துகொண்டே சொன்னார்:

"பாவம், பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருந்தார். அவரைப் பின்வாசலுக்கு அனுப்பிட்டானாம். லேட்டாத்தான் மேல வந்தார். வந்ததுலேர்ந்து இந்தக் கோட்டையே பாத்துட்டிருந்தார். நான் பேனாவைப் பாக்கெட்ல போடப் போனேன். 'இடது பக்கம் போடாதீங்க சார், ஓட்டை இருக்கு, உள்ள விழுந்துடும்'னார். கையை விட்டுப் பாத்தா நிஜமாவே ஓட்டை. அவருக்கு எப்படித் தெரியும்?"

"கோட்டைக் கழட்டுங்க" என்றேன்.

"எதுக்கு? திங்கக்கிழமை..."

"கழட்டுங்கன்னா கழட்டுங்க."

இவர் போனதும் கோட்டின் கையில் போட்ட தையலைப் பிரித்தேன். மடித்த இடத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. நாலு தடவை ஆவி பிடித்தும் லேசாகத் தெரிந்தது. இடது பாக்கெட்டின் ஓட்டையை இரட்டை நூலில் தைத்தேன். கோட்டுக்காரர் விட்டுப்போன பில்லில் அவருடைய போன் நம்பர் இருந்தது. இரண்டு நாள் அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். வியாழக்கிழமைதான் துணிந்து போட்டேன்.

"லாண்டரியிலேர்ந்து பேசுறேங்க. கோட்டு கிடைச்சிருச்சு. வேற வரிசையில மாட்டியிருந்திருக்கு." அப்போதும் பொய்தான் வந்தது.

"தெரியும்மா. பாத்தேன்."

வாய்க்கு வந்தபடி திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் பதிலுக்கு இரண்டு கத்திவிட்டு ஓய்ந்திருப்பேன். அவர் திட்டவில்லை.

"அவருக்குத்தான் கிடைச்சுதா?"

"ஆமாங்க."

"ம்." பிறகு சொன்னார்: "கையைப் பழையபடி இறக்கி வச்சிருங்க. செவ்வாய்க்கிழமை வேற இடத்துல கூப்பிட்டிருக்காங்க. காலையில வரேன். சட்டையும் ஒண்ணு கொண்டுவரேன்."

"சரிங்க."

"அன்னைக்காவது பெட்டி சூடா இருக்குமாம்மா?"

"இருக்கும்ங்க" என்றேன்.