சுவரில் அளந்த வெளிச்சம்

பள்ளத்தூர் வீட்டில் எடுத்த படம் கெட்டுப்போயிருக்கும் என்று சுமையாவுக்குத் தெரியவந்தது, காரைக்குடியில் தேனப்பனின் பழம்பொருள் கடையில் வைத்துத்தான்.

படமெடுக்கும் முன் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரை அங்கேதான் வாங்கியிருந்தாள். பேட்டரி கேட்காத பழைய செலினியம் மீட்டர். முள் சிக்காமல் ஆடியது, கண்ணாடியில் கீறல் இல்லை. அவ்வளவு போதும் என்று எடுத்துக்கொண்டாள். இன்று கடைக்குப் புதிதாக வந்திருந்த இன்னொரு மீட்டரையும் தன்னுடையதையும் விளையாட்டாகச் சேர்த்து வாசல் பக்கம் நீட்டினாள். அவளுடையது இரண்டு ஸ்டாப் குறைவாகக் காட்டியது. செல்போன் செயலியும் புதியதன் பக்கமே பேசியது.

“வயசானா செலினியம் தளந்துதான் போகும்” என்றார் தேனப்பன்.

“வாங்குறப்பவே சொல்லியிருக்கலாமுல்லண்ணே?”

“முள்ளு ஆடுதான்னு கேட்டீக. ஆடுதுன்னேன்.”

மீட்டர் குறைத்துக் காட்டினால் பிலிமில் கூடுதல் வெளிச்சம் விழும். இரண்டு ஸ்டாப் என்றால் நான்கு மடங்கு. நெகட்டிவ் பிலிம் அதைத் தாங்கும். அவள் போட்டிருந்தது ஸ்லைடு பிலிம், அது தாங்காது, முகங்கள் வெளுத்துப்போய்விடும். சுருளும் மும்பை லேபுக்குப் போய்விட்டது.

திரும்ப எடுக்கவும் வழியில்லை. வீட்டைப் பாகம் பிரித்த நாளிலிருந்து பேசிக்கொள்ளாத பெரியவர் பெத்தாச்சியும் அவர் தம்பி நாச்சியப்பனும் போன வாரம்தான் அந்தப் படத்துக்காக ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். பெத்தாச்சியின் மகள் தீக்ஷா, தான் அப்பச்சி என்று கூப்பிடும் அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் மாறி மாறிப் பேசி உட்காரவைத்தாள். படம் வாட்ஸ்அப்பில் சுற்றக் கூடாது, யாரும் செல்போனை எடுக்கக் கூடாது என்பது தம்பியின் நிபந்தனை. மறுநாளே அவர் பினாங்குக்கு விமானம் ஏறிவிட்டார்.

தேனப்பனிடம் புதிய மீட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு சுமையா பள்ளத்தூருக்குப் பஸ் ஏறினாள். போனில் சொல்கிற விஷயம் இல்லை.

முகப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள் தீக்ஷா.

“என்னடி இது? சித்தப்பாவ மறுபடி இங்குட்டு வரவைக்கிறது நடக்குற காரியமா?”

“ஸாரிக்கா.”

“நல்லா அளந்துதானே எடுத்த? நான் பாத்தேனே, சுவத்துக்கிட்டப் போயி வச்சு வச்சுப் பாத்தியே.”

“மூஞ்சிக்கிட்ட வச்சுத்தான் பாக்கணும். ஒங்க அப்பச்சிகிட்ட முதல்ல நீட்டினா சித்தப்பாவுக்கு ஆகாது. அவருகிட்ட முதல்ல நீட்டினா அப்பச்சி எந்திரிச்சுப் போயிருவாக. அதான் பொதுவா சுவத்துல வச்சேன்.”

தீக்ஷாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. “எந்திரிச்சுத்தான் போயிருப்பாக.”

சொல்லி முடித்த சுமையா அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். முட்டையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி இழைத்த வெள்ளைச் சுவர்.

“அக்கா, அப்பச்சி உக்காந்த எடத்துல ஒரு நிமிசம் உக்காருங்க.”

புதிய மீட்டரின் வெள்ளைக் குமிழைத் தீக்ஷாவின் கன்னத்தருகே பிடித்து, அங்கே விழுகிற வெளிச்சத்தை அளந்தாள். கேமரா திறந்திருக்க வேண்டிய நேரம் நொடியில் முப்பதில் ஒரு பங்கு என்றது. குமிழை விலக்கிச் சுவரை நோக்கித் திருப்பினாள். நூற்றிருபத்தைந்தில் ஒன்று. வெள்ளைச் சுவர் எந்த மீட்டரையும் ஏமாற்றும். உண்மையைவிடக் கூடுதல் வெளிச்சம் இருப்பதாக நம்பவைக்கும். கடைசியாகத் தன்னுடைய தளர்ந்த மீட்டரை அதே சுவருக்கு நீட்டினாள்.

முப்பதில் ஒன்று.

மறுபடி நீட்டினாள். முள் அங்கேயே நின்றது. சுவர் கூட்டிக் காட்டியதை மீட்டர் குறைத்திருந்தது. சுமையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அல்ஹம்துலில்லாஹ். சரியாத்தான் இருக்கும்க்கா.”

“இருக்குமா, இருக்கா?”

“வந்தாத்தான் தெரியும்.”

அடுத்த வாரம் கூரியர் வந்தது. சுமையா உறையை வாசலிலேயே பிரித்து, முதல் ஸ்லைடை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தாள். நெடுநேரம் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

“வந்துருச்சுக்கா.”

“அப்பச்சி மூஞ்சி தெரியுதா?”

“தெரியுது. சித்தப்பா மொறைக்கிறதும் தெரியுது.”

மறுமுனையில் தீக்ஷா மூச்சை விட்டாள். “மொறைச்சா மொறைச்சிட்டுப் போறாக. ரெண்டு பிரிண்டு போடு. ரெண்டும் ஒரே அளவுல இருக்கணும், பாத்துக்க.”