சோதனை என்ற சொல்

நீதிபதி மனுவைப் புரட்டி, அந்த ஒரு வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார்: 'சிறை முற்றத்தில் காவலர்களால் பெரும் சோதனைக்கு ஆளானேன்.'

அரசு வக்கீல் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"சோதனை போடுறது காவலர்களோட கடமைங்க. மத்தபடி ஒருத்தருக்கு வாழ்க்கையில சோதனை வந்தா, அதுக்கு அரசாங்கம் என்ன பண்ணும்?"

யாரோ சிரித்தார்கள். கூண்டில் நின்ற கைதிக்கே ஒரு நொடி சிரிப்பு வரப் பார்த்தது. மற்ற கைதிகளுக்கு மனு எழுதிக் கொடுப்பதால் சிறையில் அவனுக்கு 'வக்கீல்' என்றுதான் பெயர். தனக்காக வாதாட உண்மையான வக்கீல் ஒருவரை வைத்துத் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்டுப் பார்த்தான். இது சிவில் வழக்கு, ஆள் வைத்துத் தர முடியாது என்று உத்தரவாகிவிட்டது. போகட்டும் என்று நூலகத்துச் சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்து மனுவைத் தானே எழுதினான். எல்லாம் கச்சிதமாக வந்தது. அந்த வரியில் மட்டும் கை நின்றுவிட்டது. சோதனை என்றால் தேடிப் பார்ப்பது, பட்ட பாட்டுக்கும் அதே சொல்தான். இரண்டுக்கும் நடுவே ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தான் பாவம். என்ன நடந்தது என்று விவரமாகத் திருத்தி எழுதும்படி நீதிமன்றம் இரண்டு முறை அவகாசம் கொடுத்தது. இரண்டு முறையும் அதே சொல்லை வாக்கியத்தில் இடம் மாற்றிப் போட்டு அனுப்பினான்.

"இனி அவகாசம் கிடையாது," என்றார் நீதிபதி. குரலில் கோபமில்லை. "பூசி மெழுகாம நடந்ததை இப்பவே வாயால சொல்லுங்க. அதையே திருத்தமா பதிவு பண்ணிக்கறேன். இல்லேன்னா மனுவைத் தள்ளுபடி பண்றதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

கடைசி பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு மட்டும் வராதே என்று சொல்லி அனுப்பியிருந்தான். சொன்னால் கேட்கிற ஆளா அவள்? காவலர்கள் அடித்தார்கள் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தான். அடி வாங்கியதைச் சொல்வதில் கொஞ்சம் கௌரவம்கூட உண்டு. இதில் அது இல்லை. செய்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள், வெட்கம் மட்டும் தன் தலையில் வந்து விடிந்ததே என்று நினைத்தான். அப்படி வெட்கப்படுவதற்கும் வெட்கமாக இருந்தது.

"துணியை..." என்று ஆரம்பித்து மீதியை மென்று விழுங்கினான்.

தட்டச்சு செய்யும் பெண் நிமிர்ந்தாள். "கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் எழுந்துவிட்டிருந்தாள். வெளியே போய்விடுவாள் என்று எதிர்பார்த்தான், போய்விட்டால் நல்லது என்றும் இருந்தது. அவள் போகவில்லை. பெஞ்சைச் சுற்றிப் போய், நீதிபதிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். ஒரே அறை வீட்டில் வளர்ந்தவர்கள் இருவரும். அவன் உடை மாற்றும்போதெல்லாம் அவள் இப்படித்தான் திரும்பிக்கொள்வாள். "ஆச்சாடா?" என்று கேட்டு, அவன் ஆச்சு என்ற பிறகுதான் முகத்தைத் திருப்புவாள்.

பணியாளர் ஒருவர் அவளிடம் போய், நேராக உட்காரும்படி சைகை காட்டினார். அவள் அசையவில்லை.

அவன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"துணியெல்லாம் அவுக்கச் சொன்னாங்க," என்றான், அந்த முதுகைப் பார்த்து. "மத்த கைதிங்க எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு பாக்கச் சொன்னாங்க. என்னை உக்காந்து உக்காந்து எந்திரிக்கச் சொன்னாங்க."

தட்டச்சுச் சத்தம் ஓய்ந்த பிறகும் அவள் திரும்பவில்லை. அவன் ஆச்சு என்று இன்னும் சொல்லவில்லை.