காலில்லாத தொட்டிகள்

நண்டோடை குப்பத்துக்கு மேலே மூன்று தண்ணீர்த் தொட்டிகள் காலில்லாமல் நிற்கின்றன. எண்ணூர் முகத்துவாரம் தாண்டிப் போகிற யாரும் பார்க்கலாம். வெள்ளம் வந்து குப்பத்துக் கிணறு எண்ணெய் நாற்றம் பிடித்த வருஷம், மூன்று நாடுகள் ஒன்றையொன்று கேட்காமல் ஆளுக்கொரு தொட்டி கொடுத்தன. கால் கட்டித்தர நான்காவதாக ஒரு நாடு ஒப்புக்கொண்டிருந்தது. கிரேன் வந்தது, காகிதத்தில் கால் இருந்த உயரத்துக்குத் தொட்டிகளைத் தூக்கியது, விட்டது. அவை அங்கேயே நின்றன. மூடி திறக்காமலே முதல் மழையில் நிரம்பின. தளும்புகிற சத்தம் கீழே கேட்டது. தண்ணீர் இறங்கத்தான் வழியில்லை.

படகுக்காரர் கிருஷ்ணப்பனுக்கு அதில் ஆச்சரியமில்லை, சந்தேகம்தான். இனாமாக வந்த எதுவும் தரையில் நின்று அவர் பார்த்ததில்லை. அவர் கவலை வேறு. மனைவி பச்சையம்மாவுக்கு முட்டி போய்விட்டது. தண்ணீர் லாரி நிற்கிற ரோட்டிலிருந்து குடம் தூக்கி வருகையில் விழுந்துவிட்டாள். இன்னொரு தடவை விழுந்தால் நடக்கவே முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

கொடுக்கிற நாடுகளையும் வாங்குகிற நாட்டையும் ஒத்துப்போக வைக்கவென்று ஓர் ஆபீசு இருந்தது. அங்கிருந்து ரேகா என்கிற அதிகாரி வந்தாள்.

"கால் இன்னாம்மா ஆச்சு?" என்றார் கிருஷ்ணப்பன்.

"அந்த நாட்டுல ஆட்சி மாறிடுச்சு பெரியவரே. கால் இப்போ வேற எங்கேயோ போகுது."

"செரி, கொழா?"

"குழாய் நீங்க போடுறதா மூணு நாடும் நினைச்சிட்டிருக்கு."

"நானா?"

"நம்ம நாடு."

"நம்ம நாடுன்னா யாரு? நீயா, நானா?"

ரேகா யோசித்தாள். அடுத்த கூட்டத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

"நாங்க மீன மணல்ல கொட்டி, சுத்தி நின்னுகினு பங்கு போடுவோம். படகுக்கு எவ்ளோ, வலைக்கு எவ்ளோ, அல்லார் கண்ணுக்கும் தெரியும். நீங்க ஆளுக்கொரு ரூம்ல கதவ சாத்திகினு பங்கு போட்டா இப்டித்தான் தொங்கும்."

"யோவ், அந்தப் பொண்ண வுடு. அதுக்கே ஒண்ணியும் பிரியல," என்றாள் பச்சையம்மா.

கூட்டங்கள் நடந்தன. ஒரு கூட்டம் முடிந்தால் தொட்டிகள் வடக்கே கொஞ்சம் நகரும், இன்னொன்று முடிந்தால் தெற்கே. காட்டுப்பள்ளிப் பக்கம் ஒதுக்கிவிட்டார்கள் என்று பேச்சு வந்த கார்த்திகையில் மூன்றும் வடக்கே கிளம்பின. மிதக்கிற ஒன்று நகர்ந்தால் என்ன செய்வது என்று கிருஷ்ணப்பனுக்கு ஒரே வழிதான் தெரியும். படகு நங்கூரத்தைச் சுழற்றி மேலே வீசினார். நடுத்தொட்டி விளிம்பில் மாட்டியது. கயிற்றை வாசல் தென்னையில் கட்டினார். தண்ணீருக்காக இல்லை, கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்களே என்கிற எரிச்சல். மற்ற இரண்டும் அதை விட்டுப் போக மனமில்லாமல் நின்றன.

கயிறு நனைந்தது. பிறகு சொட்டியது. மத்தியானத்துக்குள் விரல் பருமனுக்குத் தண்ணீர் அதன் வழியே இறங்கியது. பச்சையம்மா வாசற்படியில் உட்கார்ந்தபடியே குடத்தை நிரப்பினாள்.

அடுத்த கூட்டத்தில் கயிறு தங்களுடையது என்று மூன்று நாடுகளும் சொன்னதாகவும், கால் தராத நாடும் அதையே சொன்னதாகவும் ரேகா வந்து சொன்னாள். அவளுக்குத் தலை சுற்றியது. கிருஷ்ணப்பனுக்கும்தான்.

"எவன் வூட்டுக் கயிறுன்னா சொல்லிக்கட்டும். அவுக்காம இருந்தா போதும்," என்றார்.

"குடி கண்ணு. கொஞ்சம் கவிச்சி அடிக்கும்," என்று பச்சையம்மா சொம்பை நீட்டினாள். ரேகா குடித்தாள்.

வருஷா வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில், வலைகளைச் சரிபார்க்கிறபோதே, அந்தக் கயிற்றையும் மாற்றிவிடுகிறார்கள். மேலே யாரும் பார்ப்பதில்லை.